மூலிகைச் சாறு அலர்ஜியை நிறுத்துமா? கொஞ்சம் நீளமான பதில்

கேள்வி இது: 9 வயதுப் பையன். காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்மல், மூக்கில் நீர், மழைக்காலம் வந்தால் இரைப்பு. டாக்டர் ஸ்டீராய்டு இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருக்கிறார். உறவினர் ஒருவர் ஒரு மூலிகைச் சாற்றுப் பாட்டிலைக் கொண்டுவந்து, "இது மாஸ்ட் செல்லையே அடக்கும் என்று ஆராய்ச்சியில் வந்திருக்கிறது, இன்ஹேலரை நிறுத்திவிட்டு இதைக் கொடு" என்கிறார். செய்யலாமா?

இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதியைப் படிக்க நேரம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பாட்டிலைப் பற்றிக் கடைசியில் வருகிறேன். உங்கள் உறவினர் பொய் சொல்லவில்லை. அப்படிப்பட்ட ஆய்வுகள் ஏராளமாக இருக்கின்றன, மருந்தியல் சொல்லிக்கொடுப்பவன் என்பதால் அவற்றை நான் தொடர்ந்து படித்தும் வருகிறேன். அந்த ஆய்வுகள் எதைக் காட்டுகின்றன, எந்த இடத்தில் நின்றுவிடுகின்றன என்று தெரிந்துகொண்டால் அடுத்து யார் எந்தப் பாட்டிலைக் கொண்டுவந்தாலும் நீங்களே எடைபோட்டுப் பார்க்கலாம்.

முதலில் உடம்புக்குள் நடப்பது. டஸ்ட் மைட் என்கிற கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சியின் கழிவிலோ மகரந்தத்திலோ இருக்கும் ஒரு சாதாரணப் புரதத்தைப் பையனின் உடல் பகை என்று எடுத்துக்கொண்டு, அதற்கு எதிராக ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தைச் செய்து வைக்கிறது. இதை 1960களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் டென்வரில் இஷிசாகா தம்பதியும், ஸ்வீடனின் உப்சாலாவில் யோஹான்சன், பென்னிச் இருவரும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். இந்த ஐஜிஇ மூக்கு, மூச்சுக்குழாய், தோல் எல்லாவற்றிலும் இருக்கிற மாஸ்ட் செல்களின் மேல் போய் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அடுத்த முறை அதே தூசி உள்ளே வந்து பக்கத்துப் பக்கத்து ஐஜிஇ இரண்டைச் சேர்த்துப் பிடித்ததும், சில நிமிடங்களில் மாஸ்ட் செல் தன் பைகளைத் திறந்து ஹிஸ்டமினைக் கொட்டும். தும்மல், அரிப்பு, மூக்கொழுகல் அதனால் வருவது. அதோடு முடிந்தால் பரவாயில்லை. சில மணி நேரம் கழித்து இயோசினோஃபில் போன்ற வெள்ளணுக்கள் கூட்டமாக வந்து சேர்ந்து மூச்சுக்குழாயின் சுவரை வீங்க வைக்கின்றன. இரைப்பு நாள்பட்டு நிற்பதற்கு இந்த இரண்டாம் கட்டம்தான் பெரிய காரணம். செட்ரிசின் மாத்திரை ஹிஸ்டமின் போய் உட்காரும் இடத்தை அடைக்கிறது, அவ்வளவுதான். இரண்டாம் கட்ட வீக்கத்தை அடக்குவது ஸ்டீராய்டு இன்ஹேலர். மாஸ்ட் செல்லை மட்டும் தடுக்கும் எந்தப் பொருளும், அது செடியிலிருந்து வந்தாலும் தொழிற்சாலையிலிருந்து வந்தாலும், ஆஸ்துமாவில் அந்த வேலையை முழுதாக ஏற்றுக்கொள்ள முடியாது.

சரி, ஆய்வுகளுக்கு வருவோம். "மாஸ்ட் செல்லை அடக்குகிறது" என்று வரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை ஆர்பிஎல்-2எச்3 என்ற செல்களில் செய்யப்பட்டவை. அது எலியின் ரத்தப் புற்றுநோயிலிருந்து எடுத்து வளர்க்கப்படும் செல் வகை. வளர்ப்பதற்கு எளிது, ஐஜிஇ சேர்த்துத் தூண்டினால் பைகளைத் திறக்கும், வெளியே வரும் நொதியை நிறமாற்றம் வைத்து அளந்துவிடலாம். செடியின் இலையை ஆல்கஹாலில் ஊறவைத்து, வடிகட்டி, உலர்த்தி, அந்தத் தூளைக் கரைத்து இந்தச் செல்களின் மேல் நேரடியாக ஊற்றுவார்கள். துளசி, மஞ்சள், இஞ்சி, வெங்காயத்தோல், தேயிலை என்று எதை ஊற்றினாலும் ஏதோ ஒரு அடர்த்தியில் தடுப்பு தெரியும். ஏனென்றால் குவர்செட்டின், லூட்டியோலின், ரோஸ்மரினிக் அமிலம் போன்ற பொருள்கள் எத்தனையோ செடிகளில் இருக்கின்றன, அவை இந்தச் செல்களின் உள்ளே போகும் சமிக்ஞையை உண்மையாகவே தடுக்கின்றன. இதில் ஏமாற்று எதுவும் இல்லை.

சிக்கல் அளவில் இருக்கிறது. குவர்செட்டினை எடுத்துக்கொள்ளுங்கள், ஆய்வகத் தட்டில் 10 முதல் 100 மைக்ரோமோலார் (கரைசலின் அடர்த்தியைச் சொல்லும் அலகு) வரை ஊற்றிப் பார்க்கிறார்கள்; வாயால் சாப்பிட்டால் அது குடலிலும் கல்லீரலிலும் வேறு பொருளாக மாற்றப்பட்டு, மாறாத வடிவில் ரத்தத்தில் பெரும்பாலும் 1 மைக்ரோமோலாரைக்கூட எட்டுவதில்லை. டம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி உப்பு போட்டுக் கரிக்கிறது என்று காட்டிவிட்டு, ஒரு சிட்டிகையைக் குளத்தில் போட்டு அதே கரிப்பை எதிர்பார்க்கிற மாதிரி. மஞ்சளின் குர்குமின் இன்னும் மோசம். 1998இல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்த ஆய்வில், 2 கிராம் குர்குமின் தனியாகச் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் அது கண்டுபிடிக்க முடியாத அளவோ மிகக் குறைவாகவோதான் இருந்தது. 20 மில்லிகிராம் பைப்பரின், அதாவது மிளகின் காரப்பொருள், சேர்த்தபோது 20 மடங்கு உயர்ந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மஞ்சளும் மிளகும் கலந்த மாத்திரைகள் உலகம் முழுக்க விற்பனைக்கு வந்தன, பின்னாலேயே அவற்றால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களின் மருத்துவ அறிக்கைகளும் வந்தன. உடம்புக்குள் அதிகமாகப் போக வைத்தால் நன்மையும் தீமையும் சேர்ந்துதான் போகும். குழம்பில் போடும் மஞ்சளைப் பற்றி நான் பேசவில்லை, அது வேறு அளவு.

எலி ஆய்வைத் தாண்டி மனிதருக்கு வரும்போது என்ன ஆகிறது என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு. நியூயார்க்கின் மவுண்ட் சினாயில் சியு-மின் லீ என்ற ஆய்வாளர், பழைய சீனக் கஷாயம் ஒன்றை அடிப்படையாக வைத்து 9 மூலிகைகள் சேர்ந்த எஃப்.ஏ.எச்.எஃப்-2 என்ற மருந்தை உருவாக்கினார். வேர்க்கடலை அலர்ஜி உள்ள எலிகளுக்கு அதைக் கொடுத்தபோது உயிரைப் பறிக்கும் அளவிலான ஒவ்வாமை முழுமையாகத் தடுக்கப்பட்டது. மருந்தை நிறுத்திப் பல மாதம் ஆன பிறகும் அந்தப் பாதுகாப்பு நீடித்தது. இதைவிட நல்ல எலி முடிவை நான் பார்த்ததில்லை. அப்புறம் உணவு அலர்ஜி உள்ள 68 பேரிடம், போலி மருந்தோடு (பார்க்க மருந்து மாதிரியே இருக்கும், உள்ளே மருந்து இருக்காது) ஒப்பிட்டு, 6 மாதம் சோதித்தார்கள். முடிவு 2015இல் வெளியானது. மருந்து பாதுகாப்பானது, ரத்தச் செல்களைத் தட்டில் வைத்துப் பார்த்தால் நல்ல மாற்றம் தெரிகிறது, ஆனால் அலர்ஜியைத் தூண்டும் உணவை முன்பைவிட அதிகமாகத் தாங்கும் சக்தி மருந்து சாப்பிட்டவர்களுக்குக் கூடவில்லை. ஒரு நாளைக்கு 30 மாத்திரை விழுங்க வேண்டியிருந்தது, பலரால் ஒழுங்காகத் தொடர முடியவில்லை என்பதும் காரணமாக இருக்கலாம். ஆய்வாளர்கள் அதை மறைக்காமல் எழுதினார்கள், அதற்காக அவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை.

இதனால் செடிகளில் ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டுவிடாதீர்கள். ஆஸ்துமா மருந்துகளின் வரலாற்றில் பாதி செடிகளின் வரலாறு. ஊமத்தையைப் புகைத்தால் இரைப்பு தணியும் என்ற பழக்கம் ஐரோப்பாவுக்குப் போனது நம் சென்னையிலிருந்துதான்: மதராஸில் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் சொல்லிக்கொடுத்து, ஜெனரல் ஜென்ட் என்பவர் 1802இல் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். நூறு வருடத்துக்கு மேல் அங்கே ஆஸ்துமா சிகரெட் விற்றது. ஊமத்தை கடும் விஷம், யாரும் அதைத் தொட வேண்டாம். அதிலுள்ள அட்ரோபினின் அமைப்பை மாற்றித்தான் இன்று நெபுலைசரில் போடும் இப்ராட்ரோபியம் வந்தது. மூச்சுக்குழாயை விரிக்கும் எபெட்ரின் சீனத்து மா ஹுவாங் செடியிலிருந்து, ஜப்பானியர் நாகாய் 1885இல் பிரித்தெடுத்தது. நம் ஆடாதொடையின் வாசிசினைப் பின்பற்றிச் செய்ததுதான் புரோம்ஹெக்சின். இருமல் சிரப்பில் இருக்கும் அம்புராக்சால் அதன் பிள்ளை. அவை சளியை இளக்கும், அலர்ஜியைத் தடுக்காது, இரண்டும் வேறு வேறு வேலை.

அலர்ஜியையே தடுத்த செடி என்றால் எகிப்தின் அம்மி விஸ்நாகா. கொத்தமல்லி, சீரகத்தின் குடும்பம். அதில் கெல்லின் என்ற பொருள் மூச்சுக்குழாயைத் தளர்த்துகிறது, ஆனால் குமட்டலும் வருகிறது. பிரிட்டனில் ரோஜர் ஆல்டூன்யன் என்ற டாக்டர், அவருக்கே ஆஸ்துமா, கெல்லினை ஒட்டிய பொருள்களை வருடக்கணக்கில் தன் மேலேயே சோதித்தார். கினிப் பன்றியின் முடியை ஊறவைத்த திரவத்தை மூச்சில் இழுத்துத் தனக்குத்தானே இரைப்பை வரவழைத்து, எந்தப் பொருளை முன்னால் எடுத்துக்கொண்டால் இரைப்பு வராமல் போகிறது என்று பார்த்தார். நூற்றுக்கணக்கான பொருள்கள். 1965இல் ஒன்று பிடிபட்டது, அதுதான் சோடியம் குரோமோகிளைகேட், மாஸ்ட் செல்லை உண்மையாகவே அமைதிப்படுத்தும் மருந்து. வாயால் விழுங்கினால் 1 சதவீதம் அளவுக்குத்தான் உடம்பில் சேரும் என்பதால் அதை நேராக நுரையீரலுக்கே அனுப்ப வேண்டியிருந்தது. அவர் போர்க்காலத்தில் விமானியாக இருந்தவர். அந்தத் தூளை உள்ளிழுக்க, சின்ன விசிறி சுழலும் கருவி ஒன்றையும் தானே வடிவமைத்தார். செடியில் ஆரம்பித்த வேலை, எந்தப் பொருள், எவ்வளவு, எந்த வழியில் என்ற மூன்று கேள்விக்கும் பதில் கிடைத்த பிறகுதான் மருந்தாக முடிந்தது. உங்கள் உறவினரின் பாட்டிலில் இந்த மூன்றுமே காலியாக இருக்கின்றன. இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இவ்வளவு பாடுபட்டுக் கிடைத்த குரோமோகிளைகேட்டும் ஸ்டீராய்டு இன்ஹேலர் வந்த பிறகு பின்னுக்குப் போய்விட்டது, காரணம் மேலே சொன்ன இரண்டாம் கட்ட வீக்கம்.

மூக்கு அலர்ஜிக்கு மட்டும் பார்த்தால், சாறாகவே நல்ல சோதனையைத் தாண்டியது ஐரோப்பாவின் பட்டர்பர் என்ற செடி. 2002இல் ஸ்விட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் 125 பேருக்கு இரண்டு வாரம் கொடுத்து, செட்ரிசினுக்கு ஏறக்குறைய சமமாக இருக்கிறது என்று கண்டார்கள். அதில் போலி மருந்துக் குழு இல்லாதது ஒரு குறை. அதைவிடப் பெரிய தலைவலி, அந்தச் செடியில் இயற்கையாகவே கல்லீரலைக் கெடுக்கும் பைரோலிசிடின் அல்கலாய்டுகள் இருக்கின்றன. அவற்றை நீக்கித் தயாரிக்க வேண்டும், ஒவ்வொரு தொகுதியையும் அளந்து பார்க்க வேண்டும். கல்லீரல் பாதிப்புகள் பதிவானதால் 2012இல் பிரிட்டிஷ் அதிகாரிகள் எச்சரித்தார்கள். ஒற்றைத் தலைவலிக்கு அதைப் பரிந்துரைத்திருந்த அமெரிக்க நரம்பியல் அகாடமியும் 2015இல் அந்தப் பரிந்துரையைத் திரும்பப் பெற்றது.

நம் ஊர்ச் செடிகளுக்கு வருவோம், உங்களுக்கு அதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். நஞ்சறுப்பான் கொடியின் இலையை டெல்லியில் ஷிவ்புரி என்ற அலர்ஜி மருத்துவர் 1960களின் கடைசியில் முறைப்படி சோதித்தார். நாளைக்கு ஒரு இலை, 6 நாள் மென்று விழுங்க வேண்டும். போலி மருந்து சாப்பிட்டவர்களைவிட அதிகம் பேருக்குக் குணம் தெரிந்தது. வாய்ப்புண், நாக்கில் உப்புச் சுவை தெரியாமல் போவது, வாந்தி ஆகியவையும் வந்தன. 1979இல் வேறொரு இந்தியக் குழு அதே மாதிரி யாருக்கு எது என்று தெரியாமல் வைத்துச் சோதித்தபோது வித்தியாசம் எதுவும் கிடைக்கவில்லை. வாய் புண்ணானால் தனக்குக் கிடைத்தது நிஜ மருந்து என்று நோயாளிக்குத் தெரிந்துவிடும் அல்லவா, ஆரம்ப முடிவுகளில் அதற்கும் பங்கு இருக்கலாம் என்பது என் கருத்து.

தூதுவளையும் கண்டங்கத்திரியும் இரைப்புக்குச் சித்த மருத்துவத்தில் காலங்காலமாகக் கொடுப்பவை. 1999இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், லேசான, நடுத்தர ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்தச் செடிகளில் ஒன்றின் தூளை 300 மில்லிகிராம் வீதம் நாளைக்கு மூன்று வேளை, 3 நாள் கொடுத்து, ஊதும் கருவியில் நுரையீரல் அளவு பார்த்தார்கள். முன்னேற்றம் இருந்தது. மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால், டெரிஃபிலின் மாத்திரைகளின் அளவுக்கு இல்லை. இந்த ஆய்வு எனக்குப் பிடிக்கும், காரணம் இருப்பதை இருக்கிறபடியே சொல்லியிருக்கிறார்கள். தூதுவளை ரசம் வைத்துக் கொடுங்கள், அதில் தவறே இல்லை. இரைக்கும்போது அதை நம்பிக் காத்திருக்கத்தான் கூடாது.

சீந்தில்தான் எனக்கு அதிகக் கவலை தருவது. 2005இல் 75 பேரிடம் 8 வாரம் நடந்த சோதனையில், சீந்தில் சாறு எடுத்தவர்களில் 83 சதவீதம் பேருக்குத் தும்மல் முழுதாக நின்றது என்று வந்தது. இவ்வளவு நல்ல எண்ணைப் பார்த்தால் சந்தோஷத்தோடு கொஞ்சம் சந்தேகமும் வர வேண்டும், ஏனென்றால் நன்றாக நிறுவப்பட்ட அலர்ஜி மருந்துகளே இந்த அளவு முழு நிவாரணம் தருவதில்லை. கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்கு என்று வீடு வீடாகச் சீந்தில் குடித்தார்கள். 2021இல் மும்பையிலிருந்து கல்லீரல் அழற்சி அறிக்கைகள் வந்தன. 2022இல் 13 மருத்துவமனைகளைச் சேர்ந்த 43 நோயாளிகளின் விவரம் வெளியானது. பலருக்கு உடலின் எதிர்ப்பு சக்தி தன் கல்லீரலையே தாக்கும் வகையான அழற்சி, சிலர் இறந்தும் போனார்கள். அது சீந்தில் அல்ல, அதைப் போலவே இருக்கும் வேறு கொடி என்று ஆயுஷ் அமைச்சகத் தரப்பில் சொன்னார்கள். நான் அந்த வாதத்தோடு ஒத்துப்போகவில்லை. ஒருவேளை அது சரியாகவே இருந்தாலும், பாட்டிலில் இருப்பது எந்தக் கொடி என்று வாங்குகிற உங்களுக்கு எப்படித் தெரியும்?

கலப்படம் என்பது இன்னும் பெரிய கதை. 1990களின் தொடக்கத்தில் லண்டனில் எக்ஸிமா என்ற தோல் அழற்சி நோயாளிகள் சிலர் ஒரு சீன மருத்துவரின் கஷாயத்தால் வியக்கத்தக்க அளவு குணமாவதைத் தோல் மருத்துவர்கள் கவனித்து, 10 மூலிகைகள் கொண்ட ஒரே மாதிரியான தயாரிப்பாக அதை மாற்றிச் சோதித்தார்கள். குழந்தைகளிடமும் பெரியவர்களிடமும் நல்ல பலன். 1999இல் ஹாங்காங்கில் சீன நோயாளிகளிடமே திரும்பச் செய்தபோது பலன் தெரியவில்லை. அதே 1999இல் லண்டனில் தோல் நோய்களுக்கென்று கொடுக்கப்பட்ட 11 மூலிகைக் களிம்புகளை ஆய்வகத்தில் பரிசோதித்தார்கள். 8இல் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருந்தது. ஸ்டீராய்டுக்குப் பயந்து மூலிகைக்கு வந்தவர்கள், அளவு தெரியாமல் அதைவிட வலுவான ஸ்டீராய்டைத் தங்கள் குழந்தைகளின் முகத்தில் பூசிக்கொண்டிருந்தார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்னமும் கோபம் வருகிறது. ஒரு பொட்டலப் பொடி இரண்டே நாளில் இரைப்பை மாயமாக நிறுத்தினால் மகிழாதீர்கள், அதைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும்.

செடியே அலர்ஜியைத் தூண்டலாம் என்பதும் உண்டு. சாமந்தி, சூரியகாந்தி, பார்த்தீனியம் எல்லாம் ஒரே குடும்பம். பார்த்தீனியம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் சீமைச் சாமந்தித் தேநீர், எக்கினேசியா போன்றவையும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அதிமதுரம் நிறைய நாள் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும், சால்பியூட்டமாலும் பொட்டாசியத்தைக் குறைக்கும் மருந்துதான். கர்ப்பிணிகள் ஆடாதொடையைத் தவிர்க்க வேண்டும், வாசிசின் கர்ப்பப்பையைச் சுருக்கும்.

இனி உங்கள் பயம். கேள்வியில் நீங்கள் எழுதாவிட்டாலும் "ஸ்டீராய்டு" என்ற சொல்தான் உங்களை அந்தப் பாட்டில் பக்கம் தள்ளுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நியாயமான பயம்தான், அதற்கு நேரான பதிலும் இருக்கிறது. அமெரிக்காவில் சிறுவயதில் சில ஆண்டுகள் பூடசோனைடு என்ற ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்த குழந்தைகளைப் பெரியவர்களாகும்வரை தொடர்ந்து பார்த்தார்கள். போலி மருந்து எடுத்தவர்களைவிட அவர்களின் உயரம் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குறைவு. அது ஒரு விலை, இல்லை என்று சொல்ல மாட்டேன். கட்டுப்படாத ஆஸ்துமாவில் அடிக்கடி மாத்திரையாகவும் ஊசியாகவும் போகும் ஸ்டீராய்டின் அளவோடு ஒப்பிட்டால் இன்ஹேலரில் போவது மிகச் சிறியது, அது போகும் இடமும் நுரையீரல். பையன் நன்றாக இருக்கும் மாதங்களில் அளவைக் குறைக்கச் சொல்லி டாக்டரிடம் தாராளமாகக் கேளுங்கள். படிப்படியாகக் குறைப்பது வழக்கமான சிகிச்சையின் ஒரு பகுதிதான். ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டும் குழாய்) வைத்து இழுக்கிறானா, இழுத்த பிறகு வாய் கொப்பளிக்கிறானா என்று பாருங்கள், பாதிப் பேருடைய வீட்டில் சிக்கலே அங்கேதான் இருக்கிறது. எதற்கு அலர்ஜி என்று தோல் பரிசோதனை செய்யுங்கள். தூசிப்பூச்சி என்று வந்தால் தலையணை, போர்வைகளை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவையுங்கள். மூக்குக்கு உப்புநீர் கழுவல் பல குழந்தைகளுக்கு உதவுகிறது, கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் மட்டும் செய்யுங்கள்.

சித்த மருத்துவமும் வேண்டும் என்றால் முறையாகப் படித்துப் பதிவு செய்த சித்த மருத்துவரிடம் நேரில் போங்கள், இன்ஹேலர் எடுப்பதை அவரிடமும், சூரணம் எடுப்பதை உங்கள் டாக்டரிடமும் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மருந்து. சிறுநீர் அடர் மஞ்சளானாலோ, பசி போனாலோ, காரணமில்லாமல் உடம்பு அரித்தாலோ உடனே நிறுத்திவிட்டுக் கல்லீரல் பரிசோதனை.

அந்தப் பாட்டிலில் உரிம எண், தொகுதி எண், செடிகளின் பெயரும் அளவும், காலாவதித் தேதி நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று இல்லாவிட்டாலும் கொடுக்க வேண்டாம். நான்கும் இருந்தாலும் இன்ஹேலருக்குப் பதிலாகக் கொடுக்க வேண்டாம். பையனால் ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் முடிக்க முடியவில்லை, விலா எலும்புக்கு நடுவில் தோல் உள்ளே இழுக்கிறது, உதடு நீலமாகிறது என்றால் சால்பியூட்டமாலை ஸ்பேசர் வழியாகக் கொடுத்துக்கொண்டே அவசரப் பிரிவுக்குக் கிளம்பிவிடுங்கள், 108ஐ அழையுங்கள்.